ஊருக்குப் போகும்போது டிவி பார்க்க எந்த ஸ்டிக்?

2025 மே 3

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோயில், கல்யாணம், பிள்ளைகள் வீடு என்று வருஷத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாகத்தான் இருக்கிறோம். போகிற இடத்திலெல்லாம் டிவி இருக்கிறது, நாங்கள் பார்க்கிறதுதான் அதில் வருவதில்லை. டிவியில் செருகினால் வைஃபை வழியாகப் படம் காட்டுமே, அந்த ஸ்டிக் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்றால், போனிலிருந்தே டிவிக்கு அனுப்பலாமே, ஸ்டிக் தண்டச் செலவு என்கிறார் மாப்பிள்ளை. யார் சொல்வது சரி? வாங்கினால் எதை வாங்க?"

2025 மே 3, இரவு

மாப்பிள்ளை சொல்வது அவர் வீட்டில் நடக்கும், லாட்ஜில் நடக்காது. போனிலிருந்து அனுப்ப வேண்டுமானால் போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், ஒன்று மற்றதைப் பார்க்கவும் முடிய வேண்டும். ஓட்டல் வைஃபையில் பெரும்பாலும் ஒருவர் கருவி அடுத்தவர் கண்ணில் படாதபடி பிரித்துவிடுவார்கள். நல்லதற்குத்தான். இல்லாவிட்டால் 204-ஆம் அறைக்காரர் அனுப்பும் படம் 205-இல் ஓடும். அதே காரணத்தால் உங்கள் போனுக்கு உங்கள் அறை டிவியையே தெரியாது.

நான் ஆத்தங்குடித் தரைக்கல் வியாபாரம் செய்கிறவன். கல் பதிக்கிற இடம் எதுவோ அங்கேதான் தங்கல். கோவை, நெல்லை, பாண்டி என்று லாட்ஜ் லாட்ஜாகத் தூங்கிய அனுபவத்தில் எழுதுகிறேன், கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது.

வாங்குங்கள். எதை என்பதை நாளைக்குச் சொல்கிறேன்.

2025 மே 4

கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள். தனி ரிமோட் உண்டா? ஓட்டல் வைஃபையில் முதலில் வருமே, பெயரும் அறை எண்ணும் கேட்கிற லாகின் பக்கம், அதைத் திறந்து காட்டுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் மற்றதெல்லாம் அப்புறம். அட்டையில் 4கே படத்துல்லியம், டால்பி என்று போட்டிருப்பதற்கு மயங்காதீர்கள். நான் தங்குகிற இடங்களில் 32 இன்ச் டிவிதான் அதிகம். அதில் 4கேயும் ஒன்றுதான், சாதாவும் ஒன்றுதான்.

அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கில் லாகின் பக்கம் தானாகத் திறக்கும். ரிமோட்டில் எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும், பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஷாவ்மி மாதிரி கூகுள் டிவி வகை ஸ்டிக்குகளிலும் திறக்கும்.

கூகுளின் பழைய குரோம்காஸ்ட், அந்த ரிமோட் இல்லாத வட்ட வில்லை, அலமாரியில் சும்மா கிடக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். லாட்ஜ் வைஃபைக்கு அது ஆகாது. இந்த மார்ச்சில் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டெல்லாம் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் படுத்துக்கொண்டன. உள்ளே இருந்த ஒரு சான்றிதழுக்குப் பத்து வருடக் கெடு, அது முடிந்துவிட்டது. கூகுள் பிறகு சரிசெய்தது. ஆனால் குரோம்காஸ்ட் தயாரிப்பையே நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தாகிவிட்டது.

ஆப்பிள் டிவி என்கிற குட்டிப் பெட்டி பணக்கார வீட்டுப் பிள்ளை. 2022-இல் 15.4 அப்டேட் வரும்வரை அதில் லாகின் பக்கமே திறக்காது. இப்போது பக்கத்தில் இருக்கும் ஐபோனில் திறந்து கொடுத்துவிடுகிறது. ஐபோன் இல்லாத வீட்டில் அதை வாங்குவானேன்?

2025 மே 4, மதியம்

ஸ்டிக் எது என்பதைவிட டிவியின் முதுகு எப்படி இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

லாட்ஜில் டிவியைச் சுவரோடு ஒட்டி போல்ட் போட்டிருப்பார்கள். நெல்லையில் ஒரு லாட்ஜில் சுவருக்கும் டிவிக்கும் நடுவே இரண்டு விரல்தான் போகும். கட்டில் மேல் ஏறி, டார்ச் போட்ட போனை அந்த இடுக்கில் விட்டு வீடியோ எடுத்து, இறங்கி வந்து அதைப் பார்த்து, ஸ்டிக் செருகும் ஹெச்டிஎம்ஐ ஓட்டை எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்தேன். ஸ்டிக்கை நேராகச் செருக அங்கே இடமே இல்லை. பெட்டிக்குள் ஒரு சாண்கூட இல்லாத குட்டை ஒயர் ஒன்று வரும், 'இது எதற்கு' என்று தூக்கிப் போடுகிறோமே, அதுதான் காப்பாற்றியது. இப்போது ஒரு மீட்டர் நீளத்தில் தனியாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அடுத்து கரண்ட். டிவியின் யூஎஸ்பி ஓட்டையிலிருந்தே ஸ்டிக்குக்குக் கொடுக்கலாம் என்பார்கள். பழைய வகை யூஎஸ்பி தருவது அரை ஆம்பியர், ஃபயர் ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் ஒரு ஆம்பியர். படம் சூடு பிடிக்கும்போது ஸ்டிக் அணைந்து அணைந்து எரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அடாப்டரை எடுத்துப் போங்கள். பிளக் பாயின்ட் எப்போதும் கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வையுங்கள்.

ஸ்டிக் விலையில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒயருக்கும் பாக்ஸுக்கும் ஒதுக்கினால் மீதிப் பங்கு வீணாகாது.

2025 மே 6

"லாட்ஜிலேயே ஸ்மார்ட் டிவி இருக்கிறதே, அதிலேயே லாகின் செய்தால் என்ன?" என்று பள்ளத்தூர்க்காரர்.

செய்யலாம். காலையில் ஐந்து மணிக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் லாக்அவுட் செய்ய ஞாபகம் இருக்குமா? கோவையில் ஓர் அறையில் டிவியைப் போட்டால் யாரோ ஒருவர் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. அப்பா பெயரில் ஒன்று, பிள்ளைகள் பெயரில் இரண்டு, பாதி பார்த்து நிறுத்திய படங்கள். நானே லாக்அவுட் செய்துவிட்டு வந்தேன். சொந்த ஸ்டிக்கில் இந்தத் தொல்லை கிடையாது, கழற்றினால் கணக்கும் கூடவே வந்துவிடும்.

இன்னொன்று: சில பெரிய ஓட்டல்களில் டிவியை ஓட்டல் மோடில் பூட்டியிருப்பார்கள். ரிமோட்டில் சோர்ஸ் பட்டன் வேலை செய்யாது, ஸ்டிக் செருகியும் பயனில்லை. ரிசப்ஷனில் கேட்டால் திறந்துவிடுவார்கள், அல்லது 'சார், அது மெயின்டனன்ஸ்காரர் காலையில்தான் வருவார்' என்பார்கள். பெரும்பாலும் பின்னது.

2025 மே 27

மேட்ச் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப் வழியாக வரும் நேரலை, கேபிளைவிட பிந்தித்தான் வரும். பந்து பவுலர் கையில் இருக்கும்போதே பக்கத்து அறையில் 'ஐயோ' என்று சத்தம் கேட்கும். எந்த ஸ்டிக் வாங்கினாலும் இதற்கு மருந்து கிடையாது. இந்த வருஷம் ஐபிஎல்லில் சென்னை கடைசி இடம் என்பதால் பிந்தித் தெரிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

வெயில் பற்றியும் கேட்டிருந்தார்கள். டிவியே முதுகில் சூடாகத்தான் இருக்கும். கத்திரி வெயிலில் பழைய லாட்ஜ் அறையில் அதோடு ஒட்டிச் செருகினால் ஸ்டிக் கொதித்து, சூடாகிவிட்டேன் என்று திரையிலேயே எழுதிக் காட்டும். அந்தக் குட்டை ஒயரில் தொங்கவிட்டால் கொஞ்சம் காற்றாடும்.

2025 ஜூன் 16

ஊரில் படைப்பு, முன்னோருக்குப் படையல். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தோம், சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று. செட்டிநாட்டு வீட்டில் ஸ்டிக் எப்படி வேலை செய்கிறது என்பதை அங்கேதான் முழுசாகப் பார்த்தேன்.

வைஃபை பெட்டி முகப்பில். அப்பத்தா படுக்கும் அறை உள்ளே தள்ளி இரண்டாங்கட்டில். நடுவே ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை முதல் சுவரிலேயே நின்றுவிட்டது, 2.4 கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஸ்டிக்கை 2.4-இல் இணைத்து, வளவு, அதாவது நடுமுற்றத்துப் பக்கக் கதவைத் திறந்து வைத்தால் சிக்னல் வருகிறது. யாராவது கதவைச் சாத்தினால் அப்பத்தாவின் சீரியல் சுற்ற ஆரம்பிக்கும். "கதவைச் சாத்தாதீங்க, மருமக பேசிக்கிட்டு இருக்கா" என்று அவர் போட்ட சத்தத்தில் கடைசியில் கதவுக்கு ஒரு அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்தோம்.

பாஸ்வேர்ட் எல்லோரிடமும் போனதும் அதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் உட்கார்ந்தால் கிராமத்து இணைப்பு என்ன செய்யும்? அப்பத்தாவுக்குத் தனியாக என் போன் ஹாட்ஸ்பாட்தான். இதில் ஒரு வழி இருக்கிறது. போன் ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் உங்கள் வீட்டு வைஃபைக்கு உள்ளதையே வைத்துவிடுங்கள், எழுத்துப் பிசகாமல். எந்த ஊரில் செருகினாலும் ஸ்டிக் இதை வீடு என்றே நினைத்துத் தானாக ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு பெரியவர்கள் செட்டிங்ஸ் பக்கமே போக வேண்டாம். ஐபோன் என்றால் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று இருப்பதைத் தட்டிவிடுங்கள். அப்போதுதான் 2.4-இல் விடும்.

2025 ஜூன் 17

புரொஜக்டர் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. சிங்கப்பூர் அண்ணன் ஒரு கையடக்கப் புரொஜக்டர் கொண்டுவந்திருந்தார். இருட்டியதும் பட்டாசாலையில், தூண் வைத்த கூடத்தில், போட்டார். சுவர்தான் வெள்ளையாக இருக்கிறதே என்று நேராகச் சுவரில் அடித்தால் படம் நடுவில் மட்டும் பளீரென்று ஒரு வட்டம். நம் வீட்டுச் சுவர் முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த பூச்சு, கையால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அது விளக்கைத் திருப்பி நம் கண்ணிலேயே அடிக்கிறது. திரைக்கு வழுவழுப்பு ஆகாது.

கடைசியில் எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டு தூணுக்கு நடுவே குறுக்காகக் கட்டினோம். வேட்டி அகலம் ஒன்றேகால் மீட்டர் இருக்கும். அந்த உயரத்துக்கு அகலத்திரைப் படம் ஏறக்குறைய 100 இன்ச் வருகிறது! ஒரே குறை, சப்டைட்டில் சரியாக ஜரிகைக் கரையில் போய் விழுந்தது. ஆச்சிமார் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, படம் தமிழ்தானே.

மலிவான புரொஜக்டர்களில் எல்லா ஆப்பும் ஒழுங்காக ஓடாது. நெட்ஃபிளிக்ஸ் அனுமதி வாங்காதவை நிறைய. அதன் ஹெச்டிஎம்ஐ ஓட்டையில் உங்கள் ஸ்டிக்கைச் செருகிவிடுங்கள், அந்தக் கவலை தீர்ந்தது. புரொஜக்டர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். அண்ணன் படிக்காமல் இருக்க வேண்டும்.

2025 ஜூலை 8

டேட்டா கணக்கு கேட்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்கிற கணக்குப்படி ஹெச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை, குறைந்த தரத்தில் ஒரு ஜிபிக்குள். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தருகிற பிளானில் ஹெச்டி படம் இடைவேளைக்கு முன்பே நின்றுவிடும்.

'எனக்குத்தான் அளவில்லாத 5ஜி இருக்கிறதே' என்பவர்கள் கவனிக்க: அந்தச் சலுகை 5ஜியில் இருக்கும்வரைதான். உள்ளறைக்குப் போனதும் போன் சத்தமில்லாமல் 4ஜிக்கு இறங்கும், தினக் கோட்டா கரைய ஆரம்பிக்கும். போனை ஜன்னல் திட்டில் வையுங்கள், ஸ்டிக் உள்ளே இருக்கட்டும். ஃபயர் ஸ்டிக்கில் டேட்டா மானிட்டரிங் என்று ஒரு செட்டிங் உண்டு. அதில் தரத்தைக் குறைத்து வைத்தால் 32 இன்ச்சில் வித்தியாசம் தெரியாது. சீரியலுக்கு எதற்கு ஹெச்டி, எல்லா முகத்தையும்தான் மூன்று தரம் கிட்டத்தில் காட்டுகிறார்களே.

2025 ஜூலை 9

ஸ்டிக் வேண்டாம், போனை ஒயரில் டிவியோடு சேர்க்கிறேன் என்பவருக்கு: டைப்-சி ஓட்டை இருக்கிற போனெல்லாம் டிவிக்குப் படம் அனுப்பாது. சாம்சங் எஸ் வரிசை, ஐபோன் 15 முதல் வந்தவை அனுப்பும். பட்ஜெட் போன்கள் பெரும்பாலும் அனுப்பாது, ஓட்டை ஒன்றுபோல இருந்தாலும். கடைக்காரர் ஒயரை மட்டும் விற்றுவிடுவார். ஒயர் வாங்கப் போகும்போது போனையும் எடுத்துப் போய் அங்கேயே செருகிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. மொபைலுக்கு மட்டும் என்று மலிவாக விற்கிற சந்தாக்களை டிவியில் பார்க்க முடியாது. ஸ்டிக் வாங்குமுன் உங்கள் சந்தா எந்த வகை என்று பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 19

பெங்களூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு கானாடுகாத்தான் வருகிறாராம், பழைய வீட்டை விடுதியாக்கியிருக்கும் இடத்தில் அறை போட்டிருக்கிறார், ஸ்டிக் கொண்டுவரவா என்கிறார்.

அந்த மாதிரி விடுதிகள் பலவற்றில் அறைக்குள் டிவியே வைப்பதில்லை. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் பிள்ளைகளுக்கு வேண்டியதைப் புறப்படுமுன் வீட்டு வைஃபையில் போனிலேயே இறக்கி வைத்துவிடுங்கள், அது போதும். வந்தபின் ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடித் தட்டின்மேல் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் பதப்படுத்தி எடுப்பதைப் பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள். என் சரக்கை விற்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

2025 ஆகஸ்ட் 21

4கே பற்றி மே மாதம் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். படத்துக்காக வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் சாதா ஃபயர் ஸ்டிக்கில் ஒரு ஜிபி மெமரிதான். ஆப் மேல் ஆப் ஏற்றினால் பட்டனை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. விலை கூடின 4கே வகைகளில் மெமரி இரண்டு ஜிபி, ஓட்டம் தேவலை. தேவகோட்டைக்காரருக்கு நான்கைந்து ஆப்தான் என்றால் சாதாவே போதும்.

2025 அக்டோபர் 26

தீபாவளிக்கு ஸ்டிக் வாங்கியவர்கள் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அமேசான் புதிதாக 4கே செலக்ட் என்று ஒன்று விட்டிருக்கிறது. உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டை ஒட்டியது கிடையாது, வேகா என்று அவர்களே செய்தது. வெளியிலிருந்து ஏபிகே கோப்பு போட்டு ஆப் ஏற்றுகிற வேலை அதில் நடக்காது, அமேசானின் ஆப் ஸ்டோரில் இருக்கிற ஆப்தான். பெயரில் 4கே இருந்தாலும் மெமரி ஒரு ஜிபிதான். ஆக, போன ஆகஸ்டில் நான் சொன்ன '4கே என்றால் மெமரி கூடுதல்' என்பது இதற்குப் பொருந்தாது. நீங்கள் பார்க்கிற தமிழ் ஆப் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2025 நவம்பர் 9

ஓட்டல் லாகினில் போனுக்கு ஓடிபி வரும்வரை போராடி, அடுத்த நாள் காலை மறுபடி கேட்டால் எரிச்சல்தான். லேப்டாப் வைத்திருந்தால் அதில் ஒரு தடவை லாகின் செய்துவிட்டு, விண்டோஸில் இருக்கும் மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். ஓட்டல் வைஃபையை அது மறுபடி விநியோகிக்கும். ஸ்டிக் லேப்டாப்போடு ஒட்டிக்கொள்ளும், ஓட்டல்காரருக்குத் தெரிவது ஒரே கருவி. சில சாம்சங் போன்களிலும் இந்த வசதி உண்டு. இதற்கென்றே டிராவல் ரவுட்டர் என்று தீப்பெட்டிக் கட்டளவு ஒன்று விற்கிறார்கள். மாதத்தில் பாதி நாள் வெளியில் இருப்பவர் வாங்கலாம், மற்றவருக்கு வேண்டாம்.

2025 டிசம்பர் 7

மாப்பிள்ளைக்குச் சொல்லுங்கள்: போனிலிருந்து அனுப்புகிற வசதியை நெட்ஃபிளிக்ஸே பெரும்பாலான டிவிகளுக்கும் ரிமோட் உள்ள ஸ்டிக்குகளுக்கும் நிறுத்திவிட்டது. டிவியில் உள்ள ஆப்பைத் திறந்து அந்த ரிமோட்டாலேயே போட்டுப் பார்க்கச் சொல்கிறது. நான் மே மாதம் அலமாரியிலேயே கிடக்கட்டும் என்ற ரிமோட் இல்லாத பழைய குரோம்காஸ்ட் போன்ற சிலவற்றில் மட்டும் இன்னும் விட்டு வைத்திருக்கிறார்கள், அதுவும் விளம்பரமில்லாத சந்தாவுக்குத்தான். லாட்ஜில் அது ஆகாது என்பதில் மாற்றமில்லை.

2025 டிசம்பர் 20

பிள்ளையார் நோன்புக்கு ஊர் வருகிறவர் ஒருவர், ஸ்டிக்கை எடுத்து வைத்தேன், ரிமோட்டைச் சென்னையிலேயே விட்டுவிட்டேன், என்ன செய்ய என்கிறார்.

ஃபயர் டிவி ஆப் போனில் ரிமோட்டாக வேலை செய்யும், ஆனால் போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ரிமோட் இல்லாமல் ஸ்டிக்கைப் புது வைஃபையில் சேர்ப்பது கஷ்டம். அதனால் இரண்டு போன் வேண்டும். ஒன்றில் சென்னை வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள், ஸ்டிக் தானாக வந்து சேரும். இரண்டாவது போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து அதில் ஆப்பைத் திறங்கள். வீட்டுப் பாஸ்வேர்ட் ஞாபகமில்லை என்றால் அதில் ஏற்கெனவே இணைந்திருந்த போனின் வைஃபை செட்டிங்ஸில் ஷேர் என்று தட்டினால் காட்டும். ரிமோட் கையில் இருப்பவர்கள் மெல்லிசு பேட்டரி இரண்டு கூடுதலாக வாங்கி வாருங்கள். நோன்பு சமயம் ஊர்க் கடையில் ஊதுவத்தி கிடைக்கும், அது கிடைக்கிறதா என்று சொல்ல முடியாது.